காணி உறுதி இல்லாமல் ஊர் வளராது

தலவாக்கலையைத் தாண்டி கிரேட்வெஸ்டர்னுக்கு ஏறும் ரயில் பாதையில் இடையே வரும் சிறிய நிலையம் வட்டகொடை. 1885இல் தண்டவாளம் நானுஓயாவை எட்டியதோடு இந்த மலைச்சரிவின் தேயிலைக்குக் கொழும்புத் துறைமுகம் வரை வழி திறந்துவிட்டது. அந்தத் தேயிலையைக் கொய்தவர்களின் லயத்துக்கு அரசாங்கத்தின் சேவைகள் வந்துசேரும் வழிதான் 140 ஆண்டுகள் கழிந்தும் சரியாகத் திறக்கவில்லை. இப்படிச் சொன்னால், மலையகத்துக்கென்று இல்லாத அமைப்பா என்று திருப்பிக் கேட்பார்கள். உண்மைதான். பிரதேச செயலகம் இருக்கிறது, பிரதேச சபை இருக்கிறது, பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் இருக்கிறது, புதிய கிராமங்கள் அதிகாரசபை இருக்கிறது, இவற்றுக்கு மேல் அமைச்சும் இருக்கிறது. இத்தனை இருந்தும் பலன் ஏன் சொற்பமாக இருக்கிறது? காணியும் முகவரியும் உள்ள குடிமகனை மனத்தில் வைத்தே பொது அமைப்புகள் எல்லாம் உருவாயின. தோட்டத்தில் குடியிருப்பவரிடம் அவை இரண்டும் இல்லை. அவற்றைக் கொடுக்காமல் இன்னும் பத்து அமைப்புகளைத் தொடங்கினாலும் நிலைமை மாறாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

தோட்டத்துப் பெண் ஒருவர் தையல் கடை வைக்க நினைக்கிறார் என்று எடுத்துக்கொள்வோம். சிறுதொழிலுக்கு வழிகாட்டப் பிரதேச செயலகத்தில் உத்தியோகத்தர் இருக்கிறார், பயிற்சி வகுப்பு உண்டு, அரச வங்கியில் கடன் திட்டமும் உண்டு. வங்கி பிணை கேட்கும். அவர் குடியிருக்கும் காம்பராவும் அதன் முன்னால் உள்ள மரக்கறித் தோட்டமும் கம்பனி குத்தகைக்கு எடுத்த நிலத்தில் இருப்பவை. அவற்றைக் காட்டி ஒரு சதமும் வாங்க முடியாது. இயந்திரத்துக்கெனத் தனி மின் இணைப்பு வேண்டுமானால் தோட்ட நிர்வாகத்தின் கடிதம் வேண்டும். காம்பராவோடு ஒரு சிறு அறையைச் சேர்த்துக் கட்டுவதென்றால் துரையின் அனுமதி வேண்டும். வங்கி அனுப்பும் கடிதம் தோட்ட ஆபீசுக்குப் போய், அங்கிருந்து தப்பால்காரர் கையில் டிவிசனுக்கு வர வேண்டும். பக்கத்துக் கிராமத்தில் அரை ஏக்கர் உள்ள பெண்ணுக்கு இந்த நாலு தடையில் ஒன்றும் கிடையாது. இருவருக்கும் உத்தியோகத்தர் ஒருவரே, கடன் திட்டமும் ஒன்றே. ஒருவர் அரசாங்கத்தை நேரே போய்க் கேட்கிறார். மற்றவர் தோட்ட ஆபீசைக் கேட்ட பிறகே அரசாங்கத்தைக் கேட்க முடிகிறது.

இந்த ஏற்பாடு தானாக வந்ததல்ல. வெள்ளைக்காரர் காலத்தில் வீடு, தண்ணீர், மருந்து, பிள்ளை மடுவம், பாடசாலை எல்லாமே தோட்டத்தின் பொறுப்பு. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியபோது, தோட்டத்தை விட்டால் கேட்பதற்கு வேறு இடமே இல்லாமல் போனது. 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களில் தோட்டங்கள் அரசுடைமையாயின. ஆனால் குடியிருந்தவருக்கு அந்தக் காணியில் ஒரு துண்டும் கிடைக்கவில்லை. 1992இல் தோட்டங்கள் இருபதுக்கும் மேற்பட்ட பிராந்தியக் கம்பனிகளின் கைக்கு மாறியபோது, நலன்புரி வேலைகளுக்காக அரசு, கம்பனிகள், தொழிற்சங்கங்கள் ஆகிய முத்தரப்பும் சேர்ந்த நிதியம் ஒன்று அமைந்தது. இன்றைய பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் அதுதான். அது கூரை மாற்றியிருக்கிறது, கழிப்பறை கட்டியிருக்கிறது, வீடும் கட்டியிருக்கிறது. அந்த வேலைகளைக் குறைத்துச் சொல்லத் தேவையில்லை. ஆனால் ஒரு குடிமகனின் வீட்டுக்கும் தண்ணீருக்கும் அவர் வேலை செய்யும் கம்பனியும் ஒரு பங்குதாரராக இருந்து முடிவெடுப்பது நாட்டில் வேறு எந்தச் சமூகத்துக்கும் இல்லாத ஏற்பாடு. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் குடியுரிமைக் கணக்கைத் தீர்த்துவைத்த பிறகும் அந்த ஏற்பாடு அப்படியே நீடிக்கிறது.

உள்ளூராட்சியின் கதை இன்னும் விசித்திரமானது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவைக் காட்டி, சபையின் பணத்தைத் தோட்டக் குடியிருப்பில் செலவிட முடியாது என்று சொல்லிவந்தார்கள். தோட்டத்து மக்கள் வாக்குப் போட்டு உறுப்பினரைத் தெரிவு செய்யலாம், தவிசாளரையும் கொண்டுவரலாம். ஆனால் அந்தத் தவிசாளர் தன் லயத்துக்குப் போகும் பாதைக்குக் கல் போடச் சட்டம் இடங்கொடாது. மூன்று தசாப்தங்களுக்குப் பிறகு, 2018இல்தான் அந்தப் பிரிவு திருத்தப்பட்டது. அதே ஆண்டில் கொட்டகலை, அக்கரப்பத்தனை, நோர்வூட், மஸ்கெலியா ஆகிய புதிய சபைகள் இயங்கத் தொடங்கின. புதிய கிராமங்கள் அதிகாரசபையும் 32ஆம் இலக்கச் சட்டத்தால் பிறந்தது. பிரதேச செயலகங்களிலும் இதே தாமதம். 2012 குடிசன மதிப்பீட்டில் நுவரெலியா மாவட்டத்தின் சனத்தொகை 7 லட்சத்துக்கும் மேல். செயலகப் பிரிவுகளோ ஐந்து. ஏறத்தாழ 6 லட்சம் பேர் வாழ்ந்த அம்பாந்தோட்டைக்குப் பன்னிரண்டு. நீண்ட இழுபறிக்குப் பின்னரே தலவாக்கலை, நோர்வூட் முதலியவை சேர்ந்து நுவரெலியாவின் எண்ணிக்கை பத்தானது. இவையெல்லாம் உண்மையான வெற்றிகள். எனினும் திருத்தத்துக்குப் பிறகும் சபை தோட்டத்துக்குள் வேலை செய்வது நிர்வாகத்தைக் கலந்துகொண்டுதான். நிலம் யாருடையதோ, கடைசிச் சொல்லும் அவருடையதாகவே இருக்கிறது.

தேயிலையையே எடுத்துக்கொண்டால் இந்த உண்மை இன்னும் துலக்கமாகத் தெரியும். 1925இல் தொடங்கிய தேயிலை ஆராய்ச்சி நிலையம் இருப்பது வட்டகொடையிலிருந்து அதிக தூரமில்லாத தலவாக்கலை சென்கூம்ஸ் தோட்டத்தில். மண், கன்று, நோய், கவ்வாத்து எல்லாவற்றுக்கும் நாட்டின் தலைசிறந்த அறிவு அங்கே இருக்கிறது. சிறு தோட்டக்காரருக்கு உதவுவதற்கென்று 1975ஆம் ஆண்டின் சட்டம் ஒன்றின்படி தனி அதிகாரசபையும் உண்டு. மறுநடுகை மானியம், ஆலோசனை சொல்லும் உத்தியோகத்தர், சிறு தோட்டக்காரர் சங்கம் என்று அது செய்துவைத்த ஏற்பாட்டின் பலனாக இரத்தினபுரி, காலி, மாத்தறை முதலிய மாவட்டங்களின் சிறு தோட்டங்கள் இன்று நாட்டின் தேயிலையில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் தருகின்றன. பொது அமைப்பொன்று உள்ளூர்ப் பொருளாதாரத்தைத் தூக்கிவிட முடியும் என்பதற்கு இலங்கையில் இதைவிட நல்ல சான்று கிடையாது. அங்கே உதவி பெற்றவர் எல்லாருக்கும் பொதுவானது ஒன்றுதான்: காலடியில் சொந்த நிலம். நாலைந்து தலைமுறையாகத் தேயிலையோடு வாழ்ந்தவர்கள் மட்டும் இந்த மானியத்துக்கு விண்ணப்பிக்க முடியாமல், வேறொருவரின் தேயிலைக்குப் பேர் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

பொறுப்பு தோட்டத்திடமிருந்து பொதுத் துறைக்கு முழுமையாக மாறினால் என்ன நடக்கும் என்பதைப் பாடசாலைகள் காட்டின. கங்காணியும் கிளாக்கரும் பார்த்து நடத்திய ஓராசிரியர் பள்ளிகளை 1977 முதல் அரசாங்கம் படிப்படியாகப் பொறுப்பேற்றது. சுவீடன், ஜெர்மன் உதவிகள் வந்தன. பத்தனை ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரி எழுந்தது. தோட்டத்துப் பிள்ளைகளே ஆசிரியர்களாகி அதே பள்ளிகளுக்குத் திரும்பினார்கள். குறைகள் இன்னும் உண்டு. ஆயினும் ஒரே தலைமுறைக்குள் மலையகத்தில் ஒரு படித்த வகுப்பு உருவாக இந்த மாற்றமே காரணம். பாதியில் நின்ற மாற்றத்துக்கு உதாரணம் தோட்ட வைத்தியசாலைகள்: சிலவற்றை அரசு எடுத்தது, மற்றவை தோட்டத்தோடேயே தங்கிவிட்டன.

பொறுப்பு யாருடையது என்று தெரியாமல் கிடப்பதற்கு உயிரையும் விலையாகக் கொடுக்க நேர்ந்தது. பதுளை மாவட்டத்தின் கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. எச்சரிப்பதற்கு அமைப்பு இருந்தது. அதன் விஞ்ஞானமும் பிழைக்கவில்லை. ஆனால் மக்களை எங்கே கொண்டுபோய்க் குடியேற்றுவது, அந்தக் காணியை யார் விடுவிப்பது என்ற கேள்விக்குப் பதில் சொல்ல ஒருவரும் இருக்கவில்லை. சொந்தக் காணி உள்ளவர் எச்சரிக்கை கேட்டால் தானே முடிவெடுக்கலாம். லயத்தில் இருப்பவர் இன்னொருவர் முடிவெடுக்கும்வரை காத்திருக்க வேண்டும்.

காணியைப் பிரித்துக் கொடுத்தால் தோட்டம் அழிந்துபோகும் என்பது கம்பனிகள் தரப்பின் முதல் ஆட்சேபம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓர் ஏக்கர் 160 பேர்ச். இப்போது பேசப்படும் 10 பேர்ச் என்பது ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு. இரண்டு லட்சம் குடும்பங்கள் என்று வைத்தாலும் மொத்தம் 12,500 ஏக்கர், அதாவது சுமார் 5,000 ஹெக்டேயர். நாட்டில் தேயிலை நிற்கும் நிலம் ஏறத்தாழ 2 லட்சம் ஹெக்டேயர். ஆக, கேட்கப்படுவது நூற்றுக்கு இரண்டரை. அதிலும் பெரும் பகுதி லயமும் வாசலும் மரக்கறிப் பாத்தியுமாக ஏற்கெனவே மக்கள் புழங்கும் நிலம். வீடு சொந்தமானால் ஆட்கள் வேலைக்கு வரமாட்டார்கள் என்ற பயமும் உண்டு. வீடு சொந்தமில்லாதபோதே வராமல் போனவர்கள்தான் அதிகம்: 1992இல் சுமார் 3 லட்சமாக இருந்த கம்பனித் தோட்டத் தொழிலாளர் எண்ணிக்கை இன்று அதில் பாதிக்கும் கீழே. பிள்ளைகள் கொழும்புக் கடைகளுக்கும் மத்திய கிழக்குக்கும் போய்விட்டார்கள். வீட்டைப் பிடித்து வைத்து ஆளைப் பிடித்து வைக்கும் காலம் முடிந்துவிட்டது.

உறுதி கொடுத்தால் வெளியாருக்கு விற்றுவிடுவார்கள் என்பது இன்னொரு ஆட்சேபம். கொழும்புக்காரர்கள் விடுதி கட்ட இடம் தேடும் மலைநாட்டில் இந்த அச்சத்தை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் இதற்கு மருந்து நம் சட்டத்திலேயே இருக்கிறது. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் கிராமத்து விவசாயிக்கு அரச காணியைக் கொடுத்தபோது கைமாற்றுவதற்குக் கட்டுப்பாடும் விதித்தது. அந்தக் கட்டுப்பாட்டின் கீழ் இரண்டு மூன்று தலைமுறை வாழ்ந்தவர்களுக்கு முழு உரிமை வழங்கத்தான் 2024இல் ‘உறுமய’ திட்டம் வந்தது. தோட்டத்து மக்களிடம் அப்படி முழு உரிமையாக மாற்றிக் கொடுப்பதற்குக் காணி அனுமதிப்பத்திரமே இருக்கவில்லை. கிராமத்தவரை நம்பிய அளவுக்கு இவர்களையும் நம்பினால் போதும்.

உறுதி ஒன்று கையில் வந்துவிட்டால் வறுமை போய்விடுமா என்ற கேள்வியே மிகவும் வலுவானது. போகாது. உறுதி வைத்திருக்கும் ஏழைகள் நாடெங்கும் இருக்கிறார்கள். பின்தங்கவைக்கப்பட்ட சமூகத்துக்குத் தனி அதிகாரசபையின் கைகொடுப்பும் சில காலம் வேண்டும்தான். ஆனால் அந்தத் தனி அமைப்பின் வேலை மக்களைப் பொது அமைப்புகளிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது. தானே அவர்களுக்கு நிரந்தர அரசாங்கமாக இருப்பதல்ல. காணி சொந்தமானவர் பிரதேச சபைக்கு மதிப்பீட்டு வரி கட்டுவார். வரி கட்டுகிறவர் பாதை எங்கே, தெருவிளக்கு எங்கே என்று சபையைக் கேட்பார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாத உறுப்பினர் அடுத்த தடவை வீட்டுக்குப் போவார். உள்ளூராட்சி என்ற ஏற்பாடு முழுவதும் இந்தக் கொடுக்கல் வாங்கலில்தான் நிற்கிறது.

அவசரம் ஏன் என்பதற்கு மாஞ்சோலையைப் பார்க்கலாம். திருநெல்வேலி மாவட்டத்தின் அந்த மலையை 1929இல் சிங்கம்பட்டி ஜமீனிடம் 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்த கம்பனி, தவணை முடிய இன்னும் நாலு ஆண்டுகள் இருக்கையிலேயே, 2024இல் தொழிலாளரை விருப்ப ஓய்வில் அனுப்பத் தொடங்கியது. வேலை போனபோது வீடும் போக வேண்டிய நிலை. தலைமுறைகளாக வாழ்ந்த மண்ணில் அவர்கள் பெயருக்கு ஒரு துண்டும் இருக்கவில்லை. இங்கே பிராந்தியக் கம்பனிகளின் குத்தகை 2045 வரை. அது தொலைவில் இருப்பதுபோல் தோன்றலாம். 33ஆம் பிரிவைத் திருத்த எடுத்த காலம் 31 ஆண்டுகள் என்பதை நினைத்தால் 2045 மிக அருகில் இருக்கிறது.

ஆகவே, மலையக அபிவிருத்தி பற்றிப் பேசும் ஒவ்வொரு வரவுசெலவுத் திட்டத்தையும் மக்கள் ஒரே அளவுகோலால் அளக்க வேண்டும். எத்தனை கோடி ஒதுக்கினார்கள், எத்தனை அடிக்கல் நாட்டினார்கள் என்பது இரண்டாம் பட்சம். குடும்பத்தின் பெயரில், ஆண் பெண் இருவருக்கும் கூட்டாக, நில அளவைப் படத்தோடு பதிவான உறுதிகள் இந்த ஆண்டு எத்தனை என்று பிரதேச செயலகத்துக்குப் பிரதேச செயலகம் வெளியிடச் சொல்ல வேண்டும். வீட்டுத் திட்டத்தின் சாவியோடு உறுதியும் வராவிட்டால் அதை முடிந்த வேலையாக ஏற்கக்கூடாது. அந்த எண்ணிக்கை ஏறத் தொடங்கினால் ஏற்கெனவே இருக்கும் அமைப்புகளே போதும். ஏறாவிட்டால் இன்னொரு அதிகாரசபையும் இன்னொரு பெயர்ப்பலகையாகவே மிஞ்சும்.