பிறர் கண்ணில் ஒரு படம்

பொழுதுபோக்காகப் படம் எடுப்பவருக்குக் கேமராவுக்கும் லென்ஸுக்கும் அடுத்தபடியாக வேண்டியவர், படம் எடுத்தபோது உடன் இல்லாத ஒரு ஆள். பரமத்தி வேலூர்ப் பக்கம் வெல்லம் காய்ச்சும் ஆலைக்கொட்டகையில் நின்று எடுத்தவருக்குப் பாகு கொதிக்கும் வாசனையும் அடுப்பின் அனலும் அந்தப் படத்தோடு ஒட்டியே நினைவில் இருக்கும். படத்தில் அவை கிடையாது. இடது ஓரத்தில் பாதி வெட்டுப்பட்ட பிளாஸ்டிக் குடம்தான் இருக்கிறது. குடம் முதலில் வெளியாள் கண்ணில்தான் படும்.

அந்த வெளியாளைத் தேடிப் போகும் வழக்கம் புகைப்படக்கலையின் தொடக்க காலத்திலேயே வந்துவிட்டது. லண்டனில் 1853-இல் ஒரு புகைப்படச் சங்கம் உருவானது. பின்னாளில் ராயல் புகைப்படச் சங்கம் ஆனது அதுதான். சென்னையில் ஓவியப் பள்ளியை நிறுவிய அலெக்சாண்டர் ஹண்டரின் முயற்சியில் 1850-களின் நடுவில் ஒரு சங்கம் வந்தது. 1855-இல் சென்னையில் நடந்த பொருட்காட்சிக்கு லின்னேயஸ் டிரைப் என்ற படை அதிகாரி, மைசூர் நாட்டுக் கோயில்களை எடுத்த அறுபதுக்கும் மேற்பட்ட படங்களை அனுப்பினார். அப்போது புகைப்படம் அவருக்குத் தொழில் அல்ல, ஓய்வுநேர ஆர்வம். நடுவர்கள் அவற்றை மெச்சினார்கள். 1856-இல் அவர் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரர் ஆனார். ராயக்கோட்டை உள்ளிட்ட சேலம் மாவட்ட இடங்களைக் கொண்ட அவருடைய தொகுப்பு 1858-இல் வெளிவந்தது. பரமத்தி வேலூர் இருக்கும் இன்றைய நாமக்கல் பகுதியும் அன்று சேலம் மாவட்டத்துக்குள்தான் இருந்தது. அக்கால ரசாயனப் பூச்சு நீல ஒளியையே அதிகம் உணரும் என்பதால் வானம் வெறும் வெள்ளையாகப் பதிந்துவிடும். டிரைப் நெகட்டிவின் மேல் கையால் வண்ணம் தீட்டி மேகங்களை வரவழைத்தார். படத்தில் எதைத் திருத்தலாம், எதைத் தொடக்கூடாது என்ற வாதத்துக்கு அன்றே இடமிருந்தது.

சங்கம் இல்லாத ஊரில் இருப்பவர்களுக்குத் தபால் உதவியது. அமெரிக்காவில் 1861-இல் தொடங்கிய ஒரு பரிமாற்றக் கழகத்தின் உறுப்பினர்கள் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை தங்கள் பிரிண்ட்களை ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டார்கள். பிறகு சுற்றுப்பெட்டி முறையும் வந்தது. ஒரு பெட்டி உறுப்பினரிடமிருந்து உறுப்பினருக்குத் தபாலில் போகும். உள்ளே ஒவ்வொருவரின் பிரிண்ட்டும், அதனோடு ஒரு குறிப்புத் தாளும் இருக்கும். பெட்டி வந்து சேர்ந்தவர் எல்லாப் படங்களையும் பார்த்து, தாள்களில் கருத்து எழுதி, போன சுற்றில் வைத்த தன் படத்தை அதன் குறிப்புகளோடு எடுத்துக்கொண்டு, புதிய படத்தை வைத்து அடுத்தவருக்கு அனுப்புவார். ஒரு சுற்று முடிய மாதங்கள் ஆகும். அந்தத் தாமதத்தால் ஒரு லாபமும் உண்டு: எழுதுபவர் படத்தைக் கையில் வைத்திருந்து யோசிப்பார்; பெறுபவருக்கும் அதற்குள் எடுத்த நாளின் மயக்கம் தெளிந்திருக்கும்.

இன்னொரு வழி, 'சலோன்' எனப்படும் போட்டிக் கண்காட்சி. உலகப் புகைப்படக்கலைக் கூட்டமைப்பு 1950-இலும், இந்தியக் கூட்டமைப்பு 1953-இலும் தோன்றின. சலோன்களில் எடுத்தவர் பெயர் தெரியாமல் நடுவர்கள் மதிப்பெண் இடுகிறார்கள். கூட்டுத்தொகை எல்லைக்கோட்டைத் தாண்டினால் படம் ஏற்கப்படும். இப்படிக் கிடைக்கும் ஏற்புகள் சேரச் சேரப் பட்டங்களுக்கு வழி பிறக்கும். கற்றுக்கொள்ள விரும்புபவருக்குச் சலோன் தருவது சொற்பம்தான். படம் தேறவில்லை என்று எண் சொல்லும். ஏன் தேறவில்லை என்று சொல்லாது. அந்த வேலைக்கு எழுதிய ஒரு வரியே போதும்.

எழுதும் வரி எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு வெற்றிலைக் கொடிக்கால் நல்ல உதாரணம். அகத்தி மரங்களில் ஏறிய கொடிகளுக்கு நடுவே வெயில் திட்டுத்திட்டாக விழும். ஒளி இருமடங்காவதை ஒரு ஸ்டாப் என்பார்கள். நல்ல கேமராவின் சென்சார் 12 முதல் 14 ஸ்டாப் வரை பதிவு செய்யும். காகித பிரிண்ட்டில் ஆறேழு ஸ்டாப்புக்கு மேல் நிற்பது கடினம். ஆகவே வெயில் விழுந்த இலைகள் வெளுத்துப்போய்விடும். 'படம் அருமை' என்றால் எடுத்தவருக்கு ஒன்றும் கிடைப்பதில்லை; 'வெளிச்சம் சரியில்லை' என்றாலும் அப்படியே. 'வலது மேல்மூலையில் நான்கு இலைகளில் நரம்பே தெரியவில்லை, கண் அங்கேயே போகிறது, வெளிச்சத்தை ஒரு ஸ்டாப் குறைத்திருக்கலாம்' என்பதில் இடம், விளைவு, பரிகாரம் மூன்றும் இருக்கின்றன. டிஜிட்டலில் முழுதாக வெளுத்த பகுதியில் மீட்க எதுவும் மிஞ்சாது; இருண்ட பகுதியிலிருந்து ஓரளவு இழுத்துக்கொள்ளலாம். நெகட்டிவ் பிலிமில் இது தலைகீழ். பழைய பிலிம்காரர் இன்றைய கேமராவுக்குச் சொல்லும் யோசனை சில நேரம் பொருந்தாமல் போவதற்குக் காரணம் இதுதான்.

ஆலைக்கொட்டகையில் பிரச்சினை வேறு. ஆவியின் நுண்துளிகள் ஒளியைப் பெரும்பாலும் அது போகும் திசையிலேயே சிதறடிக்கும். வெளிச்சத்துக்கு முதுகு காட்டி எடுத்தால் ஆவி மங்கிவிடும். வெளிச்சம் எதிரே இருந்து, பின்னணி இருட்டாக அமைந்தால் அது பளிச்சென்று எழும். 'ஆவி தெரியவில்லை' என்பவரைவிட 'கொப்பரைக்கு அந்தப் பக்கம் போய் நின்று பாருங்கள்' என்பவர் கூடுதலாகக் கற்றுத்தருகிறார்.

படத்தை அறிந்தவரும் பொருளை அறிந்தவரும் ஒரே ஆளாக இருக்க வேண்டியதில்லை. நகரத்து நடுவருக்கு அகத்தி வெறும் பின்னணிப் பச்சை. கொடிக்காலில் வேலை செய்பவருக்கோ இலை முற்றிவிட்டதா, பறிக்கும் பதமா என்பது பார்த்ததும் தெரியும். வெல்லத்தின் நிறமும் அப்படித்தான்: கேமராவின் தானியங்கி வெண்சமநிலை அதை நீலச்சாயலுக்குத் தள்ளியதா, எடுத்தவர் கணினியில் மஞ்சளைக் கூட்டிவிட்டாரா என்பதை ஏல மண்டிக்குப் போய்ப் பழகியவர் சொல்லிவிடுவார். இருவகைக் கருத்தையும் கேட்பவருக்கே முழு விடை கிடைக்கும்.

இப்போது பெட்டிக்குப் பதில் வாட்ஸாப் சுற்றுகிறது. வழக்கமான முறையில் அனுப்பினால் படத்தின் அளவும் தரமும் சுருங்கும். மெல்லிய நிறப்படிகள் உடைந்து வானத்தில் பட்டைகள் தோன்றலாம். அப்படியொரு படத்தை வைத்து கூர்மை போதாது என்று யாராவது சொன்னால், குறை லென்ஸில் இருந்ததா அனுப்பிய விதத்தில் இருந்ததா என்று தெரியாது. கோப்பை ஆவணமாக அனுப்பினால் இந்தக் குழப்பம் இல்லை. திரையின் பிரகாசமும் ஆளுக்கு ஆள் மாறும் என்பதால், நிழல் பகுதியைப் பற்றிய கருத்தை ஒரு பிரிண்ட் போட்டுப் பார்த்துவிட்டு ஏற்பது நல்லது.

எந்தத் திருத்தத்தைச் சொல்லலாம் என்பது சலோனில் படம் போகும் பிரிவைப் பொறுத்தது. காவிரிப் படுகையில் எடுத்த காட்சியில் குறுக்கே ஓடும் மின்கம்பியை அழிக்கச் சொல்வது கலைப்பிரிவில் நியாயமான யோசனை. இயற்கைப் பிரிவிலும் செய்திப்படப் பிரிவிலும் பொருளைச் சேர்ப்பதும் நீக்குவதும் விதிமீறல். அங்கே விமர்சகர் சொல்லக்கூடியது, அடுத்த தடவை எங்கே நின்று எடுத்தால் கம்பி வராது என்பதைத்தான்.