ஆயிரம் நாட்களும் அங்கன்வாடியும்

கரு உண்டான நாள் முதல் குழந்தைக்கு இரண்டு வயது நிறையும் வரை உள்ள காலம் ஏறத்தாழ ஆயிரம் நாட்கள். உடலின் உயரத்திற்கும் மூளையின் வளர்ச்சிக்கும் அடித்தளம் அமைவது பெரும்பாலும் இக்காலத்திலேதான். இதில் நேரும் குறையைப் பிற்காலத்தில் எவ்வளவு ஆகாரம் கொடுத்தும் முழுவதும் ஈடுசெய்தல் அரிது. ஆதலின், தாய் சேய் போஷாக்குத் திட்டம் எதுவாயினும், அதன் உணவு இந்நாட்களில் உரியவர் வாயைச் சென்று அடைகிறதா என்பதே நாம் கேட்க வேண்டிய முதற் கேள்வி.

நம் நாட்டில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் 33 வட்டாரங்களில் சோதனை முறையில் தொடங்கப்பெற்றது. அதன் நிலையமே அங்கன்வாடி. 2013-ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், கர்ப்ப காலத்திலும் பிரசவத்திற்குப் பின் ஆறு மாதம் வரையிலும் தாய்க்கும், ஆறு மாதம் முதல் ஆறு வயது வரை குழந்தைக்கும் அங்கன்வாடி வழியே கிடைக்கும் உணவைச் சட்டப்படியான உரிமை ஆக்கிற்று. இது தர்மமன்று என்பதை நேயர்கள் நினைவிற் கொள்ளவேண்டும்.

பயன் எவ்வளவு? 2015-16-ஆம் ஆண்டுத் தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுள் நூற்றுக்கு 38.4 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். 2019-21-இல் அது 35.5. கர்ப்பிணிகளிடையே இரத்த சோகையோ 50.4-லிருந்து 52.2 ஆக ஏறியது. ஆறு மாதம் முதல் இரண்டு வயதுக்குள் போதிய ஆகாரம் பெற்ற குழந்தைகள் நூற்றுக்கு 11.3 பேரே.

காரணம் எளிது. மூன்று வயதுக் குழந்தை தானே நடந்து வந்து, சூடான உணவை அங்கேயே உண்டு செல்கிறது. கைக்குழந்தைக்கோ சத்துமாவுப் பொட்டலம் வீட்டிற்குப் போகிறது. வீட்டில் நான்கு பேர் பசித்திருக்கையில் அந்த மாவு ஒரு வாய்க்கு மட்டும் எப்படி நிற்கும்? தாயின் பங்கிற்கும் இதே கதி. தெலங்காணா அரசு 2015-இல் ஆரோக்கிய லட்சுமித் திட்டத்தைத் தொடங்கிக் கர்ப்பிணிக்கு முட்டை, பால் சேர்ந்த ஒருவேளை முழு உணவை அங்கன்வாடியிலேயே பரிமாறச் செய்தது. அங்கே உண்டது அவளுடையதுதான் என்பதில் ஐயமில்லை.

உலக வங்கியின் உதவியுடன் 1980-இல் தமிழ்நாட்டில் தொடங்கிய ஊட்டச்சத்துத் திட்டம் வேறொரு வழியைக் காட்டிற்று. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளை மாதந்தோறும் நிறுத்து, எடை தளர்ந்த குழந்தைக்கு மட்டும் 90 நாள் உணவளித்து, தேறியபின் நிறுத்திவிடுவார்கள். எடையை ஏட்டில் எழுதியதோடு வேலை முடிந்துவிடவில்லை. எழுதிய எண் அடுத்த செயலைத் தீர்மானித்தது. தராசும் ஏடும் இருந்தும் இந்தத் தொடர்ச்சி இல்லாத நிலையங்களில் நிறுவை வெறும் சடங்குதான்.

மொழிபெயர்ப்புப் பணியில் இருப்பவன் என்ற முறையில் ஒன்று சொல்லலாம். ஆறாம் மாதம் முதல் தாய்ப்பாலோடு வீட்டில் ஊட்டத் தொடங்கும் உணவும், அரசாங்கம் தரும் பொட்டலமும் தமிழில் ‘இணை உணவு’ என்ற ஒரே பெயரைப் பெற்றுவிடுகின்றன. பொட்டலம் வந்தால் போதும் என்று தாய்மார் எண்ணுவதற்கு இந்தச் சொல்லும் இடம் தருகிறது. 2013-ஆம் ஆண்டுச் சட்டம் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு வகுத்த 500 கலோரி, ஒரு வயது கடந்த குழந்தையின் அன்றாடத் தேவையில் ஏறக்குறையப் பாதியே. மீதிப் பாதி வீட்டுச் சமையலிலிருந்து வரவேண்டும். கஞ்சித் தெளிவு அதற்கு உதவாது. கரண்டியைச் சாய்த்தால் வழிந்தோடாத பதத்தில் குழைந்த பருப்புச் சாதம், கீரை, முட்டை, சிறிது எண்ணெய் ஆகியவை வேண்டும். கர்ப்பிணிக்குத் தரும் இரும்புச்சத்து மாத்திரையைக் காப்பி, தேநீரோடு விழுங்கலாகாது. அவை இரும்பை உடல் ஏற்பதைத் தடுக்கும்.

வெளி மாநிலங்களில் வாழும் நமக்கு ஒரு தனிச் சங்கடம் உண்டு. தலைப்பிரசவத்திற்குத் தாய்வீடு செல்வது நம் வழக்கம். மும்பையிலோ தில்லியிலோ பெயர் பதிந்த பெண் ஏழாம் மாதம் ஊருக்குப் போகிறாள். இங்கே அவள் பங்கு நின்றுவிடுகிறது. அங்கே பட்டியலில் பெயர் ஏறுவதில்லை. ஆயிரம் நாட்களின் மிக முக்கியமான சில மாதங்கள் இப்படிக் கழிகின்றன. 2021-இல் நடைமுறைக்கு வந்த போஷண் டிராக்கர் என்னும் கைப்பேசிப் பதிவேட்டில், ஓர் அங்கன்வாடியிலிருந்து வேறு மாநிலத்து அங்கன்வாடிக்குப் பெயரை மாற்றிக்கொள்ள வசதி உண்டு. புறப்படுமுன் பணியாளரிடம் சொல்லி, தாய் சேய் நல அட்டையையும் உடன் எடுத்துச் செல்லவேண்டும்.

பணியாளர் பேசுவது மராத்தியோ ஹிந்தியோ ஆயினும் தயங்க வேண்டியதில்லை. பொட்டலத்தின் பெயர்தான் ஊருக்கு ஊர் வேறு: கேரளத்தில் அமிர்தம், தெலங்காணாவில் பாலாமிர்தம், குஜராத்தில் பாலசக்தி. உள்ளே இருப்பது நம் சத்துமாவின் இனமே.