அம்மாவின் பழைய சேலையை வெட்டலாமா? குயில்ட் தைக்க நினைப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

அம்மா காலமாகிச் சில மாதங்கள் ஆகியிருக்கும். பட்டுச் சேலைகளை அத்தை, சித்தி, அக்கா என்று பிரித்துக் கொடுத்தாகிவிட்டது. பீரோவில் மிச்சம் இருப்பவை தினமும் வீட்டில் கட்டிய காட்டன் சேலைகள். யாருக்கும் கொடுக்க மனம் வராது. கட்டிக்கொள்ளலாம் என்றால் அங்கங்கே நைந்திருக்கும். வீடு மாறும்போதெல்லாம் அதே அட்டைப்பெட்டி கூடவே வரும், பரணில் ஏறும், அடுத்த வீடு மாறும்வரை இறங்காது.

இப்படி ஒரு பெட்டி பல வீடுகளில் இருக்கிறது. சிலர் வீட்டில் அது அப்பாவின் சட்டைகள். சிலர் வீட்டில் குழந்தையின் முதல் வருட உடுப்புகள். பழைய துணிகளைச் சதுரம் சதுரமாக வெட்டி, இணைத்து, அழகான போர்வையாக்கும் வீடியோ ஒன்று மொபைலில் வரும்போது, ‘அட, நம்மளும் செய்யலாமே’ என்று தோன்றும். அடுத்த நொடியே ஒரு பயமும் வரும். வெட்டிய பிறகு கெட்டுப்போனால்? பக்கத்தில் பெரியம்மா இருந்தால் கேட்டே விடுவார்: “நல்ல சேலையை எதுக்குடி கத்தரி போடுற?”

நியாயமான கேள்விதான். வெட்டிய சேலையைத் திரும்பச் சேலையாக்க முடியாது. அதனால் கத்தரியை எடுப்பதற்கு முன் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது.

குயில்ட் என்றால் என்ன?

மூன்று அடுக்குத் துணியை ஒன்றாகச் சேர்த்து, மேலிருந்து கீழ்வரை ஊடுருவித் தைத்தால் அது குயில்ட். மேலே தெரியும் துணி, நடுவில் பஞ்சு அல்லது கனமான துணி, கீழே அடித்துணி. இந்த மூன்றும் நகராமல் பிடித்து வைப்பதுதான் குயில்டிங். மேல் துணியைப் பல துண்டுகளை இணைத்து உருவாக்கினால், அந்த வேலைக்குப் பெயர் பேட்ச்வொர்க். இரண்டையும் ஒன்றாக நினைத்துக் குழம்புபவர்கள் அதிகம். துண்டு இணைக்காமலும் குயில்ட் தைக்கலாம். முழுச் சேலையை அப்படியே மேல் துணியாக வைத்துக்கொண்டால் போதும். சேலையை வெட்டவே மனம் இல்லாதவர்களுக்கு இது நல்ல வழி.

இது வெளிநாட்டுச் சமாச்சாரமா?

இல்லவே இல்லை. வங்காளத்தின் புகழ்பெற்ற ‘காந்தா’, பழைய சேலைகளையும் வேட்டிகளையும் அடுக்கித் தைத்த போர்வைதான். நடுவில் பஞ்சு கிடையாது. துணி மேல் துணிதான். தைக்கும் நூலைக்கூடப் பழைய சேலையின் கரையிலிருந்து உருவி எடுத்தார்கள். நாம் சொல்லும் ‘கந்தை’ என்ற சொல்லுக்கும் அந்தக் ‘காந்தா’வுக்கும் வேர் ஒன்றுதான். மகாராஷ்டிரத்தில் இதே போர்வை ‘கோதடி’. கர்நாடகத்தில் ‘கௌதி’.

கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டப் பகுதியில், ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி சமூகத்துப் பெண்கள் ‘கவண்டி’ தைக்கிறார்கள். அவர்கள் ஒரு மூலையிலிருந்து ஓரமாகத் தைத்துக்கொண்டே போய், சுற்றிச் சுற்றி உள்நோக்கி வந்து நடுவில் முடிப்பார்கள். மூலைகளில் மடித்து வைத்துத் தைக்கும் சிறு முக்கோணத் துணிகளுக்கு ‘பூலா’, அதாவது பூ என்று பெயர். அது இல்லாத கவண்டியை முழுமையானதாக அவர்கள் ஏற்பதில்லை.

தமிழ் வீடுகளிலும் பச்சைக்குழந்தைக்குக் கீழே விரிக்கப் பழைய காட்டன் சேலையை நாலாக மடித்து ஓரம் தைத்துத் தருவது வழக்கம்தான். பல முறை துவைத்த துணி மெத்தென்று இருக்கும், உறுத்தாது என்பதுதான் காரணம். அதையும் குயில்ட்டின் உறவு என்றே சொல்லலாம்.

ஒரு விவசாயியின் உடைகள்

சேலையை வெட்டலாமா என்று தயங்குபவர்கள் அறிய வேண்டிய ஒரு போர்வை இருக்கிறது. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், அலபாமா ஆற்றின் வளைவில் இருக்கும் சிற்றூர் ஜீஸ் பெண்ட். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட கறுப்பின மக்களின் வழித்தோன்றல்கள் வாழும் ஊர். வறுமை அதிகம். பருத்தி வயலில் உழைத்துக் கிழிந்த உடைகள்தான் அவர்களுடைய போர்வைக்கு மூலப்பொருள்.

1942-ல் அந்த ஊரின் மிசௌரி பெட்வே, இறந்துபோன தன் கணவரின் வேலை உடைகளைப் பிரித்து ஒரு போர்வை தைத்தார். அவரை நினைத்துக்கொள்ளவும், அந்த அன்பைப் போர்த்திக்கொண்டு தூங்கவும்தான் அம்மா அதைச் செய்தார் என்று பின்னாளில் அவருடைய மகள் சொல்லியிருக்கிறார். வெளிறிப்போன நீலமும் பழுப்புமாக இருக்கும் அந்தத் துண்டுகளில், உழைப்பின் தேய்மானமும் கறையும் அப்படியே தெரிகின்றன. அவர் அதை மறைக்கவில்லை.

2002-ல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்திலும், தொடர்ந்து நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்திலும் ஜீஸ் பெண்ட் குயில்ட்டுகள் காட்சிக்கு வந்தபோது, கலை உலகமே திரும்பிப் பார்த்தது. 2006-ல் அமெரிக்க அஞ்சல் துறை அவற்றைத் தபால் தலைகளாக வெளியிட்டது. தைத்த பெண்களோ, குளிருக்குப் போர்த்திக்கொள்ளத்தான் தைத்தார்கள். இந்தக் கலைக்கு விலை உயர்ந்த துணியோ கருவியோ தேவையில்லை என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

சரி, வெட்டலாமா கூடாதா?

பெட்டியில் கிடந்தாலும் துணி சும்மா இருப்பதில்லை. ஒரே மடிப்பில் வருடக்கணக்கில் வைத்தால் மடிப்பு ஓரத்தில்தான் முதலில் விட்டுப்போகும். ஈரப்பதம் ஏறினால் பூஞ்சை வரும். வெட்டாமல் வைத்திருந்தால் சேலை பத்திரமாக இருக்கும் என்பது பாதி உண்மைதான்.

அதற்காக உடனே வெட்ட வேண்டும் என்பதும் இல்லை. நாலு சோதனைகள் செய்து பார்க்கலாம்.

முதலாவது, வெளிச்சம். சேலையை ஜன்னலுக்கு எதிரே பிடித்தால் நைந்த இடம் சல்லடைபோலத் தெரியும். தரையில் உரசும் கீழ்க்கரையும், இடுப்பில் செருகும் பகுதியும் பெரும்பாலும் நைந்திருக்கும். முந்தானைப் பக்கம் நன்றாக இருக்கும்.

இரண்டாவது, இழுவை. இரண்டு கையாலும் மிதமாக இழுத்தால் கிழிகிற துணி, தையலையும் தாங்காது.

மூன்றாவது, சாயம். ஈரமான வெள்ளைத் துணியை வைத்து அழுத்தித் தேய்த்தால் சாயம் ஒட்டுகிறதா என்று தெரிந்துவிடும். அடர் சிவப்பு, மெரூன், கருநீலம் மூன்றிலும் கூடுதல் கவனம் தேவை. சாயம் விடும் ஒரே ஒரு துண்டு, முதல் துவைப்பிலேயே மொத்தப் போர்வையையும் கெடுத்துவிடும்.

நான்காவது, இழை. ஓரத்தில் ஒரு நூலை உருவி, பாத்திரம் கழுவும் தொட்டியின் மேல் வைத்துக் கொளுத்தினால், பருத்தி காகிதம் எரிவதுபோல மணந்து சாம்பலாகும். சிந்தெடிக் உருகி உருண்டையாகும். மதுரை சுங்குடி, செட்டிநாட்டுக் கண்டாங்கி போன்ற பருத்திச் சேலைகள் தைக்க ஏற்றவை. ஜரிகை போட்ட பழைய பட்டு, அடிக்கடி துவைக்க வேண்டிய பொருளுக்கு வேண்டாம்.

இத்தனையும் தேறினாலும், முதல் வேலையாக அம்மாவின் சேலையை வெட்டக் கூடாது. இதுதான் மிக முக்கியமான விதி. முதல் வெட்டும் முதல் தையலும் கோணலாகத்தான் வரும். அந்தக் கோணலை, கெட்டாலும் வருத்தம் தராத பழைய பெட்ஷீட்டிலோ லைனிங் துணியிலோ முடித்துக்கொள்ள வேண்டும். தையல் கடைகளில் கேட்டால் வெட்டுத் துணிகள் கிடைக்கும். பனியன் துணி மட்டும் வேண்டாம். அது இழுபடும், சதுரம் சதுரமாக நிற்காது.

முதல் வேலை: ஒரு தலையணை உறை

ஒன்பது சதுரங்களை மூன்றுக்கு மூன்றாக இணைப்பதை ‘நைன் பேட்ச்’ என்பார்கள். குயில்ட் பழகுபவர்கள் பெரும்பாலும் இதில்தான் தொடங்குவார்கள். வார இறுதி ஒன்றோ இரண்டோ போதும்.

துணியைத் துவைத்து, லேசாகக் கஞ்சி போட்டு, இஸ்திரி செய்துகொள்ள வேண்டும். பழைய மெல்லிய துணி கத்தரிக்கு வழுக்காமல் இருக்க இந்தக் கஞ்சிதான் உதவும். அட்டையில் 6½ இன்ச் சதுரம் வெட்டி, அதை அச்சாக வைத்து ஒன்பது சதுரங்கள் எடுக்க வேண்டும். ஒவ்வோர் இணைப்பிலும் தையலுக்குக் கால் இன்ச் விட்டுத் தைக்க வேண்டும். கொத்தனார், தச்சர் பாஷையில் சொன்னால் ரெண்டு நூல். மூன்று மூன்றாக வரிசைகளைத் தைத்து, பிறகு வரிசைகளை இணைத்தால் 18½ இன்ச் சதுரம் வரும். முதல் வரிசையின் தையல் மடிப்புகளை இடப்பக்கமாகவும், அடுத்ததை வலப்பக்கமாகவும் இஸ்திரி போட்டால், சந்திக்கும் இடத்தில் முடிச்சுபோலப் புடைக்காது.

இதற்கு அடியில் பழைய பெட்ஷீட் துண்டு ஒன்றும், மெல்லிய துணி ஒன்றும் 20 இன்ச் அளவில் வைத்து, நடுவிலிருந்து ஓரம் நோக்கிக் குண்டூசி குத்த வேண்டும். ஓரத்திலிருந்து தொடங்கினால் நடுவில் சுருக்கம் சேர்ந்துவிடும். பிறகு ஒவ்வொரு சதுரத்துக்குள்ளும் ஓட்டுத் தையல். கையாலேயே போடலாம். ஓரத்தை வெட்டிச் சீராக்கி, பின்பக்கத்துக்கு 18½-க்கு 12 இன்ச் அளவில் இரண்டு துண்டுகளை, ஒவ்வொன்றிலும் ஒரு நீள ஓரத்தை மடித்துத் தைத்து, ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி வைத்துச் சுற்றிலும் தைத்தால் உறை ரெடி. ஜிப் தேவையில்லை.

வேண்டியவை: நல்ல கத்தரி, ஸ்கேல், ஊசி, நூல், குண்டூசி, இஸ்திரிப் பெட்டி. தையல் மிஷின் இருந்தால் வேலை வேகமாகும், இல்லாவிட்டால் தடையில்லை. கத்தரி விஷயத்தில் ஒரு கண்டிப்பு வேண்டும்: துணி வெட்டுகிற கத்தரியால் காகிதம் வெட்டக் கூடாது; முனை மழுங்கிவிடும்.

போர்வைக்கு எத்தனை சேலை?

சிங்கிள் கட்டில் போர்வை 60-க்கு 90 இன்ச் என்று வைத்துக்கொண்டால், 6 இன்ச் கட்டங்கள் 150 வேண்டும். ஐந்தரை மீட்டர் சேலை ஒன்றில், கணக்குப்படி 200-க்கும் மேல் சதுரங்கள் எடுக்கலாம். எல்லாச் சேலையையும் வெட்ட வேண்டியதில்லை என்பதற்காகத்தான் இந்தக் கணக்கு. ஐந்தாறு சேலைகளிலிருந்து நைந்த பகுதியை மட்டும் விலக்கி ஆளுக்கு ஒரு மீட்டர் எடுத்தாலே, துண்டுகள் கையில் மிஞ்சும். முந்தானைகளை அப்படியே எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

அளவில் ஒரு நூல் தவறினால் என்ன ஆகும்? ரெண்டு நூல் விட வேண்டிய இடத்தில் மூன்று நூல் விட்டால், ஓர் இணைப்பில் இரண்டு பக்கமும் சேர்த்துக் கால் இன்ச் குறையும். பத்துச் சதுர வரிசையில் ஒன்பது இணைப்புகள். மொத்தம் 2¼ இன்ச் போய்விடும். தலையணை உறையில் கண்ணுக்குத் தெரியாத தவறு போர்வையில் பல்லிளிக்கும். சின்ன வேலையில் பழகச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

நம் ஊர் வெயிலுக்கு நடுவில் பாலியெஸ்டர் பஞ்சு தேவையில்லை. பழைய வேட்டியோ இன்னொரு சேலையோ போதும். வங்காளத்துக் காந்தா செய்கிற வேலையும் அதுதான்.

மனசுக்கு நல்லதா?

கிளாஸ்கோவில் ஒரு குயில்ட் குழுவைச் சேர்ந்த 29 பேரிடம் பேசி, 2012-ல் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. வண்ணங்களோடு புழங்குவது, கவனம் முழுக்க ஒன்றில் ஆழ்வது, கூடி உட்கார்ந்து தைப்பது எல்லாம் தங்களுக்கு நிறைவு தருவதாக அவர்கள் சொன்னார்கள். ஏற்கெனவே விரும்பித் தைப்பவர்களிடம் கேட்ட சிறிய ஆய்வு அது. மன அழுத்தத்துக்கு மருந்து என்று அதை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆனால் நாள் முழுக்கத் திரையைப் பார்ப்பவர்களுக்கு, மாலையில் கையில் தொட்டுப் பார்க்கிற மாதிரி ஒரு வேலை முடிந்திருப்பது சின்ன விஷயம் இல்லை.

‘நல்லா வருதே, விற்கலாமே’ என்று யாராவது சொல்வார்கள். ஜீஸ் பெண்ட் பகுதிப் பெண்கள் 1966-ல் ‘ஃப்ரீடம் குயில்ட்டிங் பீ’ என்ற கூட்டுறவு அமைப்பைத் தொடங்கி, பெரிய கடைகளுக்குத் தைத்துக் கொடுத்தார்கள். வருமானம் வந்தது. ஆனால் கடைகள் கேட்டது ஒரே அளவில், ஒரே மாதிரியான பொருட்களை. மிஞ்சிய கார்டுராய்த் துண்டுகளை வீட்டுக்கு எடுத்துப்போய்த்தான் தங்கள் மனம்போல் தைத்தார்கள். விற்பனை தவறில்லை. அது வேறு வேலை என்பது மட்டும் தெரிந்திருக்க வேண்டும்.

கடைசித் தையல்

போர்வை முடிந்ததும் பின்பக்க மூலையில் ஒரு சின்ன வெள்ளைத் துணியைத் தைத்து வைப்பது குயில்ட் தைப்பவர்களின் பழக்கம். யார் தைத்தது, எந்த வருடம், யாருடைய துணி என்று அதில் நூலால் எழுதலாம். 1987-ல் வாஷிங்டனில் முதன்முதலில் விரிக்கப்பட்ட எய்ட்ஸ் நினைவுக் குயில்ட்டின் அடிப்படையே இந்தப் பெயர்கள்தான். இறந்த ஒவ்வொருவருக்கும் 3 அடிக்கு 6 அடியில் ஒரு துணி, அதில் அவர் பெயர். அன்று 1,920 துண்டுகள் இருந்தன. இன்று சுமார் 50,000.

வீட்டுப் போர்வைக்கு அத்தனை பெரிய வரலாறு இருக்காது. ஆனால் பத்து வருடம் கழித்து அதைப் போர்த்திக்கொள்ளும் பேரப்பிள்ளைக்கு, இந்த ஊதாக் கட்டம் யாருடைய சேலை என்று சொல்ல ஆள் இல்லாமல் போகலாம். அந்த மூலைத் துணி சொல்லும்.