மேல்தாடை அறுவைச் சிகிச்சைக்கு முன் சந்திக்க வேண்டிய பல் நிபுணர்

வாய்ப் புற்றுநோய்க்காக மேல்தாடையின் ஒரு பகுதியை அகற்ற வேண்டும் என்று அறிந்ததும், நோய் முற்றிலும் நீங்குமா என்றே நோயாளியும் குடும்பத்தினரும் கேட்பார்கள். அதன்பின் எவ்வாறு உண்பது, எவ்வாறு பேசுவது என்பதையும் அப்போதே கேட்டறிய வேண்டும்.

வாய்க்கும் மூக்குக்கும் இடையே சுவராக இருப்பது அண்ணம். மேல்தாடையுடன் அதன் ஒரு பகுதியும் நீக்கப்பட்டால் அங்கே ஒரு திறப்பு உண்டாகும். அருந்தும் நீரும் கஞ்சியும் மூக்கின் வழியே வெளியேறும். பேச்சு பிறருக்குப் புரியாது. சிலருக்கு உடலின் வேறு பகுதியிலிருந்து தசையை எடுத்து இத்திறப்பை மூடுகிறோம். அது இயலாதவர்களுக்கு ‘அப்டுரேட்டர்’ என்னும் அடைப்புத் தகடு பொருத்தப்படுகிறது. பல்செட் போன்ற இத்தகட்டை வடிவமைப்பவர் ‘புராஸ்தோடான்டிஸ்ட்’ எனப்படும் செயற்கைப்பல் நிபுணர். பல் மருத்துவப் பட்டத்திற்குப் பின் 3 ஆண்டுகள் மேற்படிப்பு முடித்தவர் இவர்.

அறுவைச் சிகிச்சைக்கு முன்பே இவர் வாயின் அச்சை எடுத்து முதல் தகட்டை ஆயத்தம் செய்கிறார். அறுவை அரங்கிலேயே அது பொருத்தப்படுவதால், தொடக்க நாட்களிலேயே விழுங்குவதும் பேசுவதும் எளிதாகின்றன. புண் ஆறும் காலத்தில் திறப்பின் வடிவம் மாறுவதால், இடைக்காலத் தகடு அவ்வப்போது திருத்தப்படும். சில மாதங்கள் கழித்து, திசுக்கள் நன்கு ஆறியபின் நிலையான தகடு அளிக்கப்படும்.

தகட்டைப் பற்றி நிறுத்துபவை பெரும்பாலும் எஞ்சியுள்ள பற்களே. எனவே எப்பல்லைக் காப்பது, எதனை நீக்குவது என்பதை முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்ற தாடையில் பின்னர் பல்லைப் பிடுங்கினால், எலும்பு ஆறாமல் சிதையும் அபாயம் உண்டு. ஆதலால் நீக்க வேண்டிய பற்களைக் கதிர்வீச்சு தொடங்குவதற்கு 2 வாரங்களுக்கு முன்னரேனும் நீக்கிவிடுவது நல்லது.

வீட்டில் பராமரிப்போர் கவனத்திற்கு:

முதல் தகட்டை மருத்துவரே கழற்றுவார். நீங்கள் கழற்ற வேண்டாம்.

பின்னர் தரப்படும் தகட்டை ஒவ்வோர் உணவுக்குப் பின்னும் கழற்றிக் கழுவுங்கள். கொதிநீரில் இட்டால் அதன் வடிவம் மாறிவிடும்.

மருத்துவர் கூறும் நாள்முதல் வாய் திறக்கும் பயிற்சியை நாள்தோறும் செய்யச் சொல்லுங்கள். வாய் இறுகிவிட்டால் தகட்டை உள்ளே வைக்க இயலாது.

தகடு உறுத்தினால் வீட்டில் தேய்த்துச் சரிசெய்ய முயலாமல் நிபுணரிடம் காட்டுங்கள்.

அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறிக்கும்போதே செயற்கைப்பல் நிபுணரைச் சந்திக்க வேண்டுமா என்று உங்கள் மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்.