வீட்டிற்கே வரும் சிகிச்சை

திருப்பூர் வட்டாரத்துக் கைத்தறி நெசவாளர் சங்கம் ஒன்றின் கணக்குகளைப் பார்வையிடச் சென்றபோது, தவணை தவறியோர் பட்டியலில் கண்ட அங்கத்தினர் ஒருவரின் இல்லத்திற்கும் நாம் செல்ல நேர்ந்தது. நாணயஸ்தர் எனப் பெயரெடுத்த அவர் தவணை தவறிய காரணம் வாசற்படி ஏறியதுமே விளங்கிற்று. நான்கு வயது மகன் உட்கார இயலாமல் பாயில் கிடந்தான். பெருமூளை வாதம் என்று டாக்டர்கள் கூறியிருந்தனர். வாரம் இருமுறை கோயம்புத்தூருக்குத் தூக்கிச் சென்றால் தந்தையின் தறி நிற்கும். பனியன் கம்பெனியில் பீஸ் ரேட்டுக்குத் தைக்கும் தாயின் கூலி போகும். முதலில் கடன் ஏறிற்று; பின்னர் சிகிச்சையும் நின்றது. "நான் செய்த பாவமோ, ஐயா?" என்று அத்தாய் கேட்டார்.

பாவமன்று. கருவிலோ, பிறப்பின்போதோ, பிறந்த சிறிது காலத்திலோ மூளைக்கு ஏற்படும் சேதத்தால் தசைகளின் இயக்கம் பழுதுபடுவதே இது. குறைமாதப் பிறப்பு, பிராணவாயுக் குறைவு, கடுமையான மஞ்சள் காமாலை, மூளைக் காய்ச்சல் ஆகியவை காரணங்களிற் சில. நேர்ந்த சேதத்தை நீக்க மருந்தில்லை. அச்சேதம் மேலும் பெருகுவதுமில்லை. ஆயினும் பயிற்சியின்றி விட்டுவிட்டால் தசை இறுகும், மூட்டு மடங்கும், இடுப்பு மூட்டு விலகவும் கூடும். ஆகவே இளமையிலேயே இடைவிடாத பயிற்சி வேண்டும்.

அப்பயிற்சியை வீட்டிலேயே அளிக்க முடியுமா? முடியும். ஆஸ்திரேலியாவில் ஐயோனா நோவக் முதலானோர் 36 குழந்தைகளைக் கொண்டு நடத்தி 2009இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், பெற்றோர் 8 வாரம் வீட்டில் பயிற்சி அளித்த குழந்தைகள் அப்பயிற்சி பெறாதவர்களைவிட முன்னேறினர்.

நம் மாநிலத்திலேயே இதற்குச் சிறந்த உதாரணம் உண்டு. தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில், விபத்தினால் கழுத்திற்குக் கீழ் செயலிழந்த திரு. எஸ். ராமகிருஷ்ணன் 1981இல் அமர் சேவா சங்கத்தை நிறுவினார். 2020இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. இச்சங்கத்தின் பயிற்சி பெற்ற ஊழியர்கள் கிராமத்து வீடுகளுக்கே செல்கின்றனர். 'எனேபிளிங் இன்க்ளூஷன்' என்னும் செயலி வாயிலாக நிபுணர்கள் தொலைவிலிருந்தே வழிகாட்டுகின்றனர். 2020இல் ஊரடங்கு வந்தபோது கைபேசி மூலமும் பயிற்சி தொடர்ந்தது.

முறை எளிது. முதலில் நிபுணர் குழந்தையை நேரில் பரிசோதித்து, கரண்டி பிடித்தல், நிமிர்ந்து உட்காருதல் போன்ற சிறு இலக்கு ஒன்றைக் குறிப்பார். பின்னர் குறித்த நாட்களில் தாய் பயிற்சியளிப்பதைக் காணொளியில் கண்டு, கைவைக்கும் இடத்தையும் குழந்தையை இருத்தும் விதத்தையும் திருத்துவார். குளிப்பாட்டலும் உணவூட்டலுமே பயிற்சியாகிவிடும். ஆனால் எக்ஸ்ரே, காலுக்கான தாங்கிகள் ஆகியவற்றிற்கு நேரில் செல்வதே முறை. வலிப்பு கண்டாலோ, உணவு புரையேறினாலோ தாமதியாது ஆஸ்பத்திரிக்கு விரைய வேண்டும்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இக்குழந்தைகளையும் உள்ளடக்கியது. தேசிய அறக்கட்டளையின் 'நிராமயா' காப்பீட்டில் ஆண்டுக்கு 1 லட்ச ரூபாய் வரை சிகிச்சைச் செலவு பெற வழியுண்டு. அங்கத்தினர் இதற்கு விண்ணப்பிக்கச் சங்கச் செயலாளர்கள் உதவலாம். நல்ல கைபேசியோ, சிக்னலோ இல்லாதவருக்குச் சங்கக் கட்டடத்தில் ஓர் அறையை வாரம் அரைமணி ஒதுக்கினால் சங்கத்திற்கு என்ன நஷ்டம்? துணைவிதி இடந்தரும் அளவில் பொதுநல நிதியையும் பயன்படுத்தலாம்.

நாம் முற்கூறிய குடும்பத்திற்கு இவ்வழியைக் காட்டினோம். மூன்று மாதம் கழித்துச் சென்றபோது, ஊர்த் தச்சர் செய்து தந்த மூலை நாற்காலியில் சிறுவன் சில நிமிடம் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். அவன் நடப்பான் என்று எவரும் வாக்களிக்கவில்லை. ஆயினும் தறி நிற்கவில்லை. தாயின் கூலியும் போகவில்லை. தவணை ஒன்றும் செலுத்தப்பட்டிருந்தது. தவணை தவறியோர் பட்டியலைக் கையிலெடுக்கும் நிர்வாகிகள், நோட்டீஸ் அனுப்புமுன் ஒருமுறை அவ்வீட்டு வாசலுக்கும் சென்று வருவார்களாக.