மரங்கள் எழுப்பும் மழை

கடல்நீர் ஆவியாகி மேகமாவதும், மேகம் மழையாகி நதிவழியே மீண்டும் கடலைச் சேர்வதும் நாம் பள்ளிப் பருவத்திலேயே கற்ற பாடமாயினும், அந்தச் சுழற்சியின் நடுவே நின்று தொழிற்படும் விருட்சங்களுக்கு அப்பாடத்தில் உரிய இடம் அளிக்கப்படவில்லை.

சூரிய வெளிச்சத்தின் துணையால் நீரையும் கரியமில வாயுவையும் சேர்த்து உணவு சமைக்கும் இலை, அவ்வாயுவை உட்கொள்வதற்காகத் தன் நுண்ணிய துளைகளைத் திறந்தே ஆகவேண்டும். திறந்த மாத்திரத்தில் உள்ளிருக்கும் ஈரம் ஆவியாய் வெளியேறிவிடுகிறது. வேர் உறிஞ்சும் ஜலத்தில் 100க்கு 95 பங்குக்கு மேல் இப்படியே ஆகாயத்துக்குப் போகிறது. ஸ்டீபன் ஹேல்ஸ் என்னும் ஆங்கிலப் பாதிரியார் 1724-ஆம் ஆண்டுக் கோடையில், மூன்றரை அடி உயரமுள்ள சூரியகாந்திச் செடியின் தொட்டியை ஈயத் தகட்டால் மூடி, காலையும் மாலையும் பொறுமையோடு நிறுத்துப் பார்த்து, ஒரு பகலில் அது சுமார் 20 அவுன்ஸ் நீரை வெளியிடுவதைக் கண்டறிந்தார்.

ஒற்றைச் செடிக்கே இவ்வளவென்றால், அமேசான் வனத்தைப் பற்றி என் சொல்வது! அட்லாண்டிக் சமுத்திரத்திலிருந்து மேற்கே வீசும் காற்று கொண்டுவரும் ஈரம், மழையாகப் பெய்து, மரங்களால் மேலெழுப்பப்பட்டு, மறுபடியும் மழையாகிறது. பிரேசில் நாட்டு விஞ்ஞானி எனியாஸ் சலாட்டி, மழையோடு முந்தி உதிர்ந்துவிடும் இயல்புடைய கனமான பிராணவாயு அணுக்கள் மழைநீரில் உள்நாட்டில் எதிர்பார்த்த அளவு குறையவில்லை என்பதைக் கொண்டு, அப்பிரதேசத்து மழையில் ஏறக்குறையப் பாதி வனமே திருப்பியளித்தது என 1979-இல் நிலைநாட்டினார். மிச்ச ஈரம் ஆண்டிஸ் மலைகளால் தடுக்கப்பட்டுத் தெற்கே திரும்பி, பராகுவே வயல்கள்வரை நனைக்கிறது.

இதனினும் வியப்பானது, வனத்தின் தென்பகுதியில் கடற்காற்று திசைமாறி வருவதற்கு இரண்டு மூன்று மாதங்கள் முன்னரே மழை தொடங்கிவிடுவதுதான். வறண்ட காலத்தின் முடிவில், மேகமற்ற வெயிலில் புதுத்தளிர் விட்டு, ஆழத்து நீரை வேரால் இழுத்து, மரங்களே வானை ஈரமாக்கித் தங்கள் மழையை அழைத்துக்கொள்கின்றன. இப்பேருதவியை மரக்கட்டையின் விலையால் மட்டும் மதிப்பிடுவது பெரும் அநீதி. காடு வெட்டப்பட்டு மேய்ச்சல் நிலமான பிரேசிலின் ரொண்டோனியா மாநிலத்துப் பகுதிகளில், புல்லின் வேர் அவ்வளவு ஆழத்துக்கு எட்டுவதில்லை. மழைக்காலமும் அங்கே முன்னைக்கு இப்போது தாமதித்தே தொடங்குகிறது.