கம்மஞ்சோறும் வரகுச்சோறும்

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் கொள்ளிடக்கரை ஊர்களை விட்டால் பெரும்பாலும் மானாவாரி நிலம்தான். அந்த நிலத்தில் விளைந்த கம்பு, வரகு, சோளம், கேழ்வரகுதான் இரண்டு தலைமுறைக்கு முன்வரை அன்றாடச் சாப்பாடு. நெல்லுச்சோறு பொங்கலுக்கும் தீபாவளிக்கும் விருந்தாளி வந்தாலும்தான்.

இவற்றில் கம்மஞ்சோறு நிறைய வேலை வாங்குவது. கம்பில் தண்ணீர் தெளித்துப் பிசறி, சற்று ஊறவிட்டு உரலில் குத்துவார்கள். தவிடு கழன்றதும் முறத்தில் புடைத்து, மறுபடியும் உரலிலிட்டு நொய்யாக இடிப்பார்கள். கொதிக்கும் உலையில் நொய்யைக் கொட்டி, அடிபிடிக்காமல் துடுப்பால் கிளறி இறக்கினால் இரவுச் சோறு தயார். நடுவில் குழி பறித்துக் கருவாட்டுக் குழம்போ பண்ணைக்கீரைக் கடைசலோ ஊற்றிச் சுடச்சுடச் சாப்பிடுவார்கள். மீந்ததை உருண்டை பிடித்துத் தண்ணீர்ப் பானையில் போட்டுவைப்பார்கள். விடிவதற்குள் அது இதமாகப் புளித்துவிடும். மோர் விட்டுக் கரைத்தால் கூழ். கடித்துக்கொள்ளச் செட்டிகுளம் பக்கத்துச் சின்ன வெங்காயம்.

வரகின் உமி கடினமானது. திரிகையில் திரித்து, புடைத்து, உரலில் தீட்டினால்தான் அரிசி தேறும். ஆனால் உமியோடு இருக்கும்வரை பல ஆண்டுகள் கெடாது. கோயில் கலசங்களில் வரகை நிரப்பும் வழக்கத்துக்கு இந்தக் குணத்தையே காரணமாகச் சொல்வார்கள்.

ருசி குறைந்து இந்தச் சோறுகள் மறையவில்லை. பகலெல்லாம் காட்டுவேலை செய்த பெண்கள்தான் இரவில் உலக்கையும் பிடித்தார்கள். ரேஷன் அரிசி அந்தப் பாட்டைக் குறைத்தது. 2011 ஜூனில் அது இலவசமாகவும் ஆனது. உலக்கையைக் கீழே வைத்த பெண்களைக் குறை சொல்ல யாருக்கும் நியாயமில்லை. நிலமும் மாறியது. கம்பும் வரகும் நின்ற கரிசலில் பருத்தியும் மக்காச்சோளமும் பரவின. மக்காச்சோளம் பெரும்பாலும் கோழித்தீவனத்துக்குப் போகிறது.

சர்க்கரை நோய்ப் பயத்தாலும், 2023-ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டாக அறிவித்ததாலும் வரகரிசி பாக்கெட்டில் வந்திருக்கிறது. ரேஷன் அரிசியில் வளர்ந்த வீடுகளுக்கு அதன் விலை கட்டுப்படியாவதில்லை. வெள்ளையாகத் தீட்டி விற்பதில் தவிட்டோடு நார்ச்சத்தும் போய்விடுகிறது. கம்பு இடிக்க இன்று உரல் தேவையில்லை. ஊறிய கம்பை மிக்ஸியில் இரண்டு சுற்று விட்டாலே நொய்யாகிவிடும். பண்ணைக்கீரைக்குத்தான் மாற்றில்லை. விதைக்காமலே பயிருக்கு நடுவில் முளைத்த அந்தக் கீரை, களைக்கொல்லி தெளிக்கும் காடுகளில் அருகிவிட்டது.